சிரிச்சதை விடுங்க, தப்பா காதுல விழுந்ததை கவனிங்க

இந்த தடவை எடுத்துக்கிட்ட கடிதம் ஒரு நர்ஸ் எழுதினது. பேரு, ஊரு, நாடு எதுவும் வெளிய வர வேண்டாம்னு கேட்டிருக்காங்க, அதனால விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்றேன். வயசு 34. தமிழ் மீடியத்துல படிச்சு நர்சிங் முடிச்சவங்க, மூணு வருஷமா வெளிநாட்டுல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்க, வேலையில குறைன்னு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். பிரச்சனை பேச்சுல. ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வர்ற நர்ஸ்கிட்ட ஒவ்வொரு நோயாளியோட நிலைமையும் வாயால சொல்லி ஒப்படைக்கணும், அப்படி ஒரு நாள் "டாக்டர் வில் கம் டுடே இட்செல்ஃப்"னு இவங்க சொன்னதை கூட வேலை செய்யற ஒருத்தர் எல்லார் முன்னாடியும் அதே ராகத்துல சொல்லிக்காட்டி சிரிச்சிருக்கார். அதுல இருந்து இவங்க "த்ரீ"ன்னு வாய் திறந்தாலே அவர் முகத்துல ஒரு சிரிப்பு. அதே மாசம் இன்னொண்ணும் நடந்திருக்கு. ஃபோன்ல இவங்க சொன்ன பதினஞ்சு அந்தப் பக்கம் ஐம்பதுன்னு கேட்டிருக்கு, நல்ல வேளையா அவங்க திருப்பி கேட்டதால ஒண்ணும் ஆகல.

அதுக்கப்புறம் இவங்க பேசறதையே குறைச்சிட்டாங்க. சீனியர் பொறுப்பு தர்றோம்னு வந்தப்போ வேண்டாம்னுட்டாங்க. மகளோட ஸ்கூல் மீட்டிங்குக்கு கணவரை அனுப்பறாங்க, ஏன்னா எட்டு வயசு பொண்ணே "அம்மா, அது அப்படி இல்ல"ன்னு திருத்துதாம். இவங்க கேக்கறது நாலு கேள்வி: ஆக்சென்ட் மாத்தற கோர்ஸ்ல சேரலாமா, என் இங்கிலீஷ்ல எது எது தப்பு, சிரிக்கிறவர் மேல புகார் குடுக்கலாமா, வீட்டுல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ்லயே பேச ஆரம்பிக்கலாமா.

தோழி, உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். 18 வருஷமா மருத்துவத்துறையில இருக்கறவங்களுக்கு பேச்சு ஆங்கிலம் சொல்லிக்குடுக்கறேன், அந்த அனுபவத்துல எனக்கு முதல்ல பட்டது என்னன்னா, நீங்க ரெண்டு வேற வேற சம்பவத்தை ஒரே மூட்டையில கட்டி தலையில வச்சிருக்கீங்க. "டுடே இட்செல்ஃப்"க்கு சிரிச்சாங்க, ஆனா அது எல்லாருக்கும் புரிஞ்சுது. பதினஞ்சுக்கு யாரும் சிரிக்கல, ஆனா அது தப்பா காதுல விழுந்துது. திருத்த வேண்டியது ரெண்டாவதை. உங்க தூக்கத்தை கெடுக்கறது முதலாவது. என்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும் இதை பாத்திருக்கேன், ஆளுங்க சிரிக்கிற விஷயமும் ஆளுங்க தப்பா புரிஞ்சுக்கற விஷயமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்கறதே இல்ல.

சிரிப்புக்கு ஆளானது ஊர் வழக்கு

"டுடே இட்செல்ஃப்" எங்கிருந்து வந்துதுன்னு உங்களுக்கே தெரியும், நம்ம "இன்னைக்கே"ல இருக்கற அந்த ஏ தான் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு. இந்தியா முழுக்க கோடிக்கணக்கான பேர் இப்படி பேசறாங்க. "ப்ரீபோன்", "கசின் பிரதர்", "டு த நீட்ஃபுல்" எல்லாம் இதே குடும்பம், இதுல கடைசியா சொன்னது ஒரு காலத்துல இங்கிலாந்துல ஆபீஸ் கடிதங்கள்ல சாதாரணமா எழுதினது, அங்க வழக்கொழிஞ்சு போச்சு, நம்மகிட்ட தங்கிடுச்சு. அயர்லாந்துக்காரங்க இப்பதான் சாப்பிட்டேன்ங்கறதுக்கு "ஐ ஆம் ஆஃப்டர் ஈட்டிங்"னு சொல்லுவாங்க, அவங்க பழைய ஐரிஷ் மொழியோட வாக்கிய அமைப்பு அது. ஸ்காட்லாந்துலயும் அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கமும் "த கார் நீட்ஸ் வாஷ்ட்"னு நடுவுல ரெண்டு வார்த்தையை விட்டுட்டு சொல்றது சர்வசாதாரணம். ஹெச் எழுத்தோட பேரையே "ஏய்ச்"சுன்னு சொல்றதா "ஹேய்ச்"சுன்னு சொல்றதான்னு இங்கிலீஷ்காரங்களுக்குள்ளயே இன்னும் சண்டை இருக்கு. தாய்மொழியோட வாசனை இல்லாத இங்கிலீஷ் உலகத்துல எங்கயும் கிடையாது, சிரிச்சவர் பேச்சுலயும் அவர் ஊர் நிச்சயமா இருக்கும்.

"த்ரீ" விஷயத்துக்கு வர்றேன். நாக்கை பல்லுக்கு நடுவுல வச்சு ஊதற அந்த சத்தம் உலகத்துல பெரும்பாலான மொழிகள்ல கிடையாது. விமானிகளும் கண்ட்ரோல் டவரும் பேசிக்கிற சர்வதேச ரேடியோ முறையில மூணுக்கு "ட்ரீ"ன்னும் அஞ்சுக்கு "ஃபைஃப்"னும் ஒன்பதுக்கு "நைனர்"னும் சொல்லணும்னே விதி வச்சிருக்காங்க, ஆயிரத்துக்குகூட "டவுசண்ட்"தான். தப்பா கேட்டா உயிர் போற இடத்துல அந்த சத்தம் தேவையில்லன்னு முடிவு பண்ணியிருக்காங்க, அப்புறம் நீங்க எதுக்கு அதுக்காக கூனிக்குறுகணும்?

நீங்க எழுதினதுல ஒரு வரி எனக்கு வருத்தமா இருந்துது, "ஒரிஜினல் பிரிட்டிஷ் உச்சரிப்பு எனக்கு இந்த ஜென்மத்துல வராது"ன்னு. அந்த ஒரிஜினல்ங்கறது என்னன்னு பாருங்க. "கார்", "ஹார்ட்" மாதிரி வார்த்தையில இருக்கற ர் சத்தத்தை தென் இங்கிலாந்துல 18ஆம் நூற்றாண்டு வாக்குலதான் விட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடியே கப்பல் ஏறி அமெரிக்கா போனவங்களோட பேச்சுல அது இன்னைக்கும் இருக்கு. "கெட்"ங்கற வினைக்கு "காட்டன்"னு அமெரிக்கர்கள் சொல்ற அந்த இறந்தகால வடிவமும் இங்கிலாந்துல இருந்து போன பழசுதான். "ஆஸ்க்"கை "ஆக்ஸ்"னு சொன்னா படிக்காதவங்கன்னு நினைக்கறாங்க, ஆனா 14ஆம் நூற்றாண்டுல ஆங்கிலக் கவிஞர் சாஸரே அப்படி எழுதியிருக்கார், 1535ல அச்சான பைபிள் மொழிபெயர்ப்புலயும் அப்படித்தான் இருக்கு. இதுல வியக்க ஒண்ணுமில்ல, தசை நம்ம வாயில சதை ஆச்சு, விசிறி சிவிறி ஆச்சு, நம்ம இலக்கணம் அதுக்கு போலின்னு பேர் குடுத்து மரியாதையா உள்ள சேர்த்துக்கிச்சு. மொழி தெரிஞ்சவங்க செய்யற வேலை அது.

அதே மாதிரி "டெட்", "டவுட்" வார்த்தைகள்ல சத்தமே இல்லாம ஒரு பி உக்காந்திருக்கே, அதை படிச்சிட்டு "டெப்ட்"னு சொல்லி அவமானப்பட்டவங்க எத்தனை பேர். அந்த பி மொதல்ல அங்க இல்லவே இல்ல, லத்தீன் மூலத்தை காட்டணும்னு படிச்சவங்க பின்னாடி சொருகி வச்சது, சாதாரணப் பேச்சுல அது வந்ததே இல்ல. எழுத்தை நம்பி படிச்சவங்க மேல அந்தப் பழியை போடறது நியாயமே இல்ல. உங்க துறையிலயே பாருங்க, காயத்துக்கு சொல்ற "வூண்ட்"டை எழுத்தை பாத்து "வௌண்ட்"னு சொல்றவங்க நிறைய, சுத்தினதுக்கு சொல்ற வார்த்தைக்கும் அதே எழுத்து, அதுக்கு வௌண்ட்தான் சரி. இந்த மாதிரி வார்த்தைக்கு விதி கிடையாது, ஒவ்வொண்ணா காதால கேட்டு வச்சுக்கறதுதான் வழி.

தமிழ் மீடியம்தான் காரணம்னு எழுதியிருக்கீங்க, அதுவும் சரியில்ல. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்ககிட்டயும் நான் கீழ சொல்லப்போற அத்தனையும் இருக்கு, அவங்களுக்கும் வாய் தமிழ் வாய்தானே.

உண்மையிலேயே திருத்த வேண்டியது

இதுதான் முக்கியம், கொஞ்சம் நிதானமா படிங்க.

பதினஞ்சு, ஐம்பது. "ஃபிஃப்டீன்"ல அழுத்தம் பின்பாதியில, "டீ" நல்லா நீளணும், கடைசில ன் காதுல விழணும். "ஃபிஃப்டி"ல அழுத்தம் முன்பாதியில, பின்னாடி குட்டியா முடிஞ்சிடணும். தமிழ்ல நாம எல்லா அசைக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை குடுக்கறதால ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்துடுது. ஆனா இதுல உங்க தப்பு மட்டும் இல்ல, "ஃபிஃப்டீன் மினிட்ஸ்"னு பின்னாடி ஒரு வார்த்தை வந்தா தாய்மொழிக்காரங்களே அழுத்தத்தை முன்னாடி தள்ளிடுவாங்க, அதனால அவங்களுக்குள்ளயும் இந்தக் குழப்பம் உண்டு. அதுக்குத்தான் மருந்து அளவை சொல்லிட்டு உடனே எண்ணை பிரிச்சு சொல்லுங்கன்னு மருந்து பாதுகாப்பு பாக்கறவங்க சொல்றாங்க: "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்." எதிர்ல இருக்கறவரை திருப்பி சொல்லவும் வைங்க. அன்னைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க திருப்பி கேட்டாங்களே, அது உங்களை குறை சொன்னதில்ல, அவங்க வேலையை சரியா செஞ்சது.

அடுத்தது யாரும் பாடத்துல சொல்லித்தராதது, ஆனா என்னை ரொம்ப பயமுறுத்தறது: ஆமாவும் இல்லையும். "இன்னும் ஊசி போடலையா?"ன்னு தமிழ்ல கேட்டா "ஆமா, போடல"ன்னு சொல்லுவோம், "இல்ல, போடல"ன்னும் சொல்லுவோம், ரெண்டும் சரி, ஏன்னா நம்ம ஆமா கேட்டவர் நினைச்சது சரின்னு ஒத்துக்கற ஆமா. இங்கிலீஷ்ல "ஹேவன்ட் யூ கிவன் இட் யெட்?"னு கேட்டதுக்கு நீங்க அதே பழக்கத்துல வெறும் "யெஸ்"னு சொன்னீங்கன்னா, போட்டாச்சுன்னு அர்த்தம் ஆயிடும். அங்க யெஸ் நடந்த காரியத்தோட ஒட்டும், கேட்டவர் நினைப்போட ஒட்டாது. ஜப்பானியர்களும் கொரியர்களும்கூட நம்மள மாதிரியே பதில் சொல்றவங்க, அவங்களுக்கும் இதே சிக்கல். இதுல உச்சரிப்பு சரி, இலக்கணம் சரி, யாரும் சிரிக்கவும் மாட்டாங்க, ஆனா நோயாளிக்கு ஊசி தவறிப்போகும். அதனால இனிமே வெறும் யெஸ், வெறும் நோ ரெண்டையும் வாயில இருந்து எடுத்துடுங்க. "நோ, ஐ ஹேவன்ட் கிவன் இட்", "யெஸ், ஐ கேவ் இட் அட் எய்ட்"னு முழு வாக்கியமா முடிங்க.

மூணாவது, ம்-க்கு பின்னாடி வர்ற ப், ங்-க்கு பின்னாடி வர்ற க். "பாம்பு"ன்னு ஒரு தடவை சத்தமா சொல்லிப்பாருங்க, மொதல்ல வர்ற பாவும் கடைசில வர்ற புவும் ஒரே எழுத்துதான், ஆனா சத்தம் வேற, கடைசி பு அடித்தொண்டை அதிர்ந்து மெத்துன்னு வரும். மெல்லினத்துக்கு பின்னாடி அதோட இன எழுத்து வந்தா மெத்துன்னு ஆகறது நம்ம மொழியோட இயல்பு. அந்த இயல்பை அப்படியே இங்கிலீஷுக்கு கொண்டுபோனா, எளிமையானதுங்கற "சிம்பிள்" சின்னம்ங்கற "சிம்பல்" மாதிரி கேக்கும், கணுக்கால்ங்கற வார்த்தை கோணம்ங்கற வார்த்தை மாதிரி கேக்கும். கணுக்கால், கோணம் ரெண்டுக்கும் உண்டான இங்கிலீஷ் வார்த்தையை தமிழ்ல எழுதினா ரெண்டுமே ஆங்கிள்தான், பிரச்சனையே அங்கதான் இருக்கு. கணுக்கால் வீக்கம்னு நீங்க சொல்றது கோண வீக்கம்னு போனா கேக்கறவர் ஒரு நொடி தடுமாறுவார். இந்த இடத்துல "பக்கம்"ல நடுவுல அழுத்தி வர்ற க் மாதிரி சொல்லணும்.

வார்த்தை ஆரம்பத்துல வர்ற ப, ட, க-வும் இதோட சேர்ந்தது. இங்கிலீஷ்ல அங்க ஒரு சின்ன காத்து வெளிய வரணும். வாய்க்கு முன்னாடி மெல்லிசா ஒரு டிஷ்யூ பேப்பரை பிடிச்சுக்கிட்டு மாத்திரைக்கு உண்டான "பில்" சொல்லுங்க, பேப்பர் ஆடணும். ஆடலன்னா அவங்க காதுக்கு அது ரசீது பில்.

காலம் காட்டறதுலயும் ஒரு இடம் இருக்கு. நம்மள்ல நிறைய பேர் "ஐ ஹேட் கிவன் த டேப்லெட்"னு தேவையில்லாம ஒரு "ஹேட்" சேர்த்துக்கறோம், மரியாதையா இருக்கற மாதிரி தோணும். கேக்கறவர் அடுத்து ஒரு "ஆனா" வரும்னு காத்திருப்பார். "ஹி ஹேட் பீன் ஆன் ஆக்சிஜன்"னு சொன்னா, இப்போ எடுத்தாச்சுன்னு அர்த்தம் போயிடும். இன்னும் ஆக்சிஜன்ல இருக்கார்னா "ஹி இஸ் ஸ்டில் ஆன் ஆக்சிஜன்." 1977 மார்ச் 27 ஸ்பெயினோட டெனெரிஃப் தீவு விமான நிலையத்துல ரெண்டு பெரிய விமானம் ஓடுபாதையில மோதி 583 பேர் இறந்தாங்க. அதுக்கு பல காரணம் உண்டு, அதுல ஒண்ணு "வி ஆர் நவ் அட் டேக்ஆஃப்"ங்கற ஒரு வரி. விமானத்துல இருந்தவங்க கிளம்பிட்டோம்ங்கற அர்த்தத்துல சொன்னாங்க, கண்ட்ரோல்ல இருந்தவர் கிளம்பத் தயாரா நிக்கறாங்கன்னு எடுத்துக்கிட்டார். அவங்க நல்லா இங்கிலீஷ் பேசற டச்சுக்காரங்க, அந்த வாக்கியத்துல டச்சு மொழியோட நிழல் இருந்திருக்கலாம்னு ஆராய்ஞ்சவங்க சிலர் சொல்றாங்க. உங்களை பயமுறுத்த இதை சொல்லல. எந்த மாதிரி தப்புல நம்ம சக்தியை செலவழிக்கணும்ங்கறது இதுல தெரியுதுன்னு சொல்றேன்.

மத்த இலக்கணத் தப்பெல்லாம் வேகமா சொல்லிடறேன், அர்த்தம் கெடாது, ஆனா எழுதும்போது உறுத்தும். "டிஸ்கஸ்" பின்னாடி "அபௌட்" வேண்டாம். "டிட் நாட் வென்ட்" இல்ல, "டிட் நாட் கோ". "ஒன் ஆஃப் மை"க்கு பின்னாடி பன்மை, "ஒன் ஆஃப் மை பேஷண்ட்ஸ்". "இன்ஃபர்மேஷன்", "எக்விப்மென்ட்", "அட்வைஸ்" மூணுக்கும் கடைசில எஸ் வராது. "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" இல்ல, "ஐ ஹேவ்". வாரத்துக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டா போதும், எல்லாத்தையும் ஒரே நாள்ல பிடிச்சா பேசும்போது வாய் கட்டிக்கும்.

கோர்ஸ், புகார், பொறுப்பு

ஆக்சென்டை மாத்தித் தர்றோம்னு சொல்ற கோர்ஸ்ல சேராதீங்க. பெரியவங்க ஆன பிறகு முழுசா மாத்தறது ரொம்ப அபூர்வம், மாத்தணும்ங்கற அவசியமும் இல்ல. அதுக்கு பதிலா உங்க வேலைப் பேச்சை பதிவு பண்ணி கேட்டு, எங்க புரியலன்னு மட்டும் சுட்டிக்காட்டற ஆசிரியர் கிடைச்சா சேருங்க. சேர்றதுக்கு முன்னாடி "எதை மொதல்ல திருத்துவீங்க?"ன்னு கேளுங்க. த்ரீயில ஆரம்பிக்கறேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க, எண்களும் அழுத்தமும்னு சொன்னா உக்காருங்க.

சிரிக்கிறவர் விஷயத்துல, புகார் உங்க கையில இருக்கற வழிதான், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. தனியா கூப்பிட்டு ரெண்டே வரி சொல்லுங்க: "இஃப் யூ டிட்ன்ட் அண்டர்ஸ்டாண்ட், ப்ளீஸ் ஆஸ்க் மீ. ப்ளீஸ் டோன்ட் மிமிக் மீ." மன்னிப்பு கேக்கற தொனி வேண்டாம், சண்டைத் தொனியும் வேண்டாம். பாதிப் பேர் இதோட நிறுத்திடுவாங்க. நிறுத்தலன்னா தேதி, நேரம், யார் கூட இருந்தாங்கன்னு எழுதி வச்சுக்கிட்டு மேல போங்க. நீங்க எந்த நாடுன்னு நான் இங்க சொல்லப்போறதில்ல, பொதுவா சொன்னா, அமெரிக்காவுல 1964ஆம் வருஷ சிவில் உரிமைச் சட்டமும் பிரிட்டன்ல 2010ஆம் வருஷ சமத்துவச் சட்டமும் எந்த நாட்டுல இருந்து வந்தவங்கங்கறதை வச்சு வேலையிடத்துல இழிவா நடத்தறதை தடுக்குது. ஆக்சென்டை காரணம் காட்டி பொறுப்பை மறுக்கணும்னா அது வேலையை உண்மையிலேயே பாதிக்குதுன்னு காட்டணும்ங்கறது அமெரிக்காவுல நிலைப்பாடு. நான் வக்கீல் இல்ல, இந்தப் படிக்கு போறதா இருந்தா அந்த ஊர் தொழிற்சங்கத்தையோ வக்கீலையோ கேட்டுட்டு போங்க. புகாரால உறவு கசக்கும்ங்கற ஆபத்தும் இருக்கு, அதையும் எடைபோட்டுக்கோங்க.

ஆனா உங்களை யாரும் மறுக்கலயே, நீங்களேதான் வேண்டாம்னு சொன்னீங்க. இந்த வாரமே போய் அந்த இடம் இன்னும் காலியான்னு கேளுங்கன்னு சொல்லுவேன். கொஞ்சம் கடுமையா இருந்தாலும் சொல்றேன், "இட்செல்ஃப்"னு சொல்ற நர்ஸால நோயாளிக்கு ஆபத்து இல்ல, சந்தேகம் வந்தும் வாய் திறக்காத நர்ஸாலதான் ஆபத்து. நீங்க இப்போ அந்தப் பக்கம் நகர்ந்துக்கிட்டு இருக்கீங்க.

மகளும் வீட்டுத் தமிழும்

தமிழை நிறுத்த வேண்டாம். பிள்ளைங்களோட ஆக்சென்ட் பெரும்பாலும் கூட விளையாடற பிள்ளைங்ககிட்ட இருந்து வருது, அம்மாகிட்ட இருந்து இல்ல. நீங்க இங்கிலீஷ்க்கு மாறினா அவ இங்கிலீஷ் ஒண்ணும் கூடாது, தமிழ் மட்டும் போயிடும். ஸ்கூல் மீட்டிங்குக்கு நீங்களே போங்க, டீச்சர் உங்க பொண்ணைப் பத்தி பேசத்தான் உக்காந்திருக்காங்க.

அவ திருத்தறதை அவமானமா எடுத்துக்காதீங்க, அந்தக் காதை வேலைக்கு வச்சுக்கோங்க. ஒரு பேப்பர்ல ஒரு பக்கம் கணுக்கால் படம், இன்னொரு பக்கம் கோணம் வரையச் சொல்லுங்க. நீங்க இங்கிலீஷ்ல ரெண்டுல ஒண்ணை சொல்லணும், உங்க வாயைப் பாக்காம திரும்பி உக்காந்துக்கிட்டு அவ காதுல என்ன விழுந்துதோ அந்தப் படத்தை தொடணும். தப்பா தொட்டா அவ சொல்லிக்காட்டட்டும், நீங்க திருப்பி சொல்லுங்க. பத்துக்கு எட்டு சரியா வந்தா அடுத்த ஜோடி, மாத்திரையும் ரசீதும். அதுக்கடுத்தது பதினஞ்சும் ஐம்பதும், அதுக்கு படம் வேண்டாம், எண்ணை எழுதிக்கிட்டா போதும். ராத்திரி பத்து நிமிஷம், ஒரு மாசம் பண்ணிட்டு எனக்கு எழுதுங்க.